தரையைத் தொடாமல் மிதக்கும் விமானம்: சிமுலேட்டரில் கடைசி 30 அடியில் என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். டேக்-ஆஃப் சுலபம். மேலே பறப்பதும் சுலபம். ரன்வேயை நோக்கி நேராக இறங்குவதுகூட பத்து முறை முயன்றால் கைக்கு வந்துவிடும். ஆனால், தரைக்கு மேலே கடைசி ஐந்தாறு மீட்டரில் விமானம் திடீரென்று பேச்சைக் கேட்காது. அதுவரை ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது, ரன்வேக்கு இணையாக மிதக்க ஆரம்பிக்கும். இன்ஜின் சக்தியை முழுசாகக் குறைத்தாலும் மிதக்கும். பொறுமை இழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் தரையில் மோதும். பயந்துபோய் இழுத்தால் மறுபடி மேலே எழும்பி, அங்கிருந்து 'தொப்'பென்று விழும்.

'கேம்ல ஏதோ பக்' என்று பலரும் நினைப்பதுண்டு. பக் இல்லை. நிஜ விமானமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். இதற்குப் பெயர் கிரவுண்ட் எஃபெக்ட். தமிழில் 'தரை விளைவு' எனலாம்.

கேட்க சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால், இந்தச் சில மீட்டர் உயரத்தில் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணிப்பு தவறிப்போனதால் அனுபவசாலிகள் நான்கு பேர் உயிரிழந்த சம்பவமும் இருக்கிறது. சிமுலேட்டர்கள் இந்த விளைவை எப்படிக் கணக்கிடுகின்றன, அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம்.

கிரவுண்ட் எஃபெக்ட் என்றால் என்ன?

விமானம் பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. இந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. இந்த விசைக்குப் பெயர் லிஃப்ட்.

ஆனால், இறக்கையின் இரண்டு முனைகளிலும் ஒரு 'கசிவு' உண்டு. கீழே இருக்கும் அதிக அழுத்தக் காற்று, முனையைச் சுற்றிக்கொண்டு மேலே போகப் பார்க்கும். அதனால் இரண்டு முனைகளுக்குப் பின்னாலும் காற்று சுழல் சுழலாக நீண்டுகொண்டே போகும். இந்தச் சுழல்கள், இறக்கையைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். விளைவு: இறக்கை தருகிற லிஃப்ட் நேராக மேலே நோக்கி இல்லாமல், கொஞ்சம் பின்னால் சாய்ந்துவிடுகிறது. பின்னால் சாய்ந்த அந்தப் பங்கு, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். பொறியாளர்கள் இதை 'இண்டியூஸ்டு டிராக்' என்பார்கள். லிஃப்ட் கிடைப்பதற்காக நாம் கட்டும் வரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அதே விமானத்தைத் தரைக்கு மிக அருகில் கொண்டுவருவோம். காற்று கீழே போக வேண்டும், ஆனால் கீழே தரை இருக்கிறது. தரையைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. சுழல்கள் முழுதாக உருவாக இடமில்லை, கீழ்நோக்கிய காற்றோட்டம் குறைகிறது, வரியும் குறைகிறது. அதே கோணத்தில் முன்பைவிடக் கொஞ்சம் அதிக லிஃப்டும் கிடைக்கிறது.

இதைக் கணக்கிடப் பொறியாளர்கள் அழகான ஒரு கற்பனையைப் பயன்படுத்துகிறார்கள். தரையை ஒரு கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தரைக்குக் கீழே, அதே ஆழத்தில், தலைகீழாக இன்னொரு விமானம் பறக்கிறது. மேலே இருக்கும் விமானத்தின் சுழல்கள் காற்றைக் கீழே தள்ளும்; கீழே இருக்கும் 'பிம்ப' விமானத்தின் சுழல்கள் மேலே தள்ளும். தரைமட்டத்தில் இரண்டும் சமமாகி, காற்று மேலேயும் போகாது, கீழேயும் போகாது. தரை இருந்தால் என்ன ஆகுமோ, அதேதான். இரண்டு விமானங்களும் நெருங்க நெருங்க ஒன்றின் மீது மற்றதன் தாக்கம் கூடிக்கொண்டே போகும்.

'விமானத்துக்கு அடியில் காற்று மெத்தை மாதிரி அடைபட்டுக்கொள்கிறது' என்ற விளக்கத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இறக்கை தரையை மிக மிக ஒட்டி வரும்போது அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், சாதாரண விமானங்கள் இறங்கும்போது நாம் உணரும் மிதப்புக்குப் பெரும்பங்கு காரணம், பின்னிழுக்கும் விசை குறைவதுதான். நீர்ப்பரப்பை உரசுகிற மாதிரி கூழைக்கடாக்கள் சிறகடிக்காமல் நெடுந்தூரம் வழுக்கிக்கொண்டு போவதற்கும் இதே விளைவு கைகொடுக்கிறது.

எவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கும்?

இதை அடியிலோ மீட்டரிலோ மட்டும் சொன்னால் போதாது. விமானத்தின் அளவைப் பொறுத்து மாறும். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான அகலம்தான் இங்கே அளவுகோல். 'விங்ஸ்பேன்' என்று சொல்வார்கள்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, விமானிகளுக்கான தன் கையேட்டில் தரும் கணக்கு இது:

• இறக்கை, தன் அகலத்துக்குச் சமமான உயரத்தில் இருந்தால் இண்டியூஸ்டு டிராக் வெறும் 1.4 சதவீதம் குறையும்.

• அகலத்தில் நான்கில் ஒரு பங்கு உயரத்தில், 23.5 சதவீதம் குறையும்.

• பத்தில் ஒரு பங்கு உயரத்தில், 47.6 சதவீதம். ஏறத்தாழ பாதி.

கவனித்தீர்களா? இது படிப்படியாகச் சீராக ஏறும் கணக்கு இல்லை. மேலே ஒன்றுமே தெரியாது. கடைசிச் சில மீட்டரில் வேகமாக ஏறும். அதனால்தான் சிமுலேட்டரில் விமானம் 'திடீரென்று' மாறிவிட்டதாகத் தோன்றுகிறது.

பயிற்சி விமானங்களில் மிகப் பிரபலமான செஸ்னா 172-இன் இறக்கை அகலம் சுமார் 11 மீட்டர். இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருக்கும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் இறக்கை ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில்தான் நிற்கும். பைப்பர் செரோக்கி போன்ற விமானங்களில் இறக்கை கீழ்ப்பக்கம் இருப்பதால், தரைக்கும் அதற்கும் இடையே சுமார் ஒரு மீட்டர்தான். சிமுலேட்டரில் செஸ்னாவைவிட இந்த விமானம் அதிகமாக மிதக்கிற மாதிரி இருந்தால், காரணம் இதுதான்.

லேண்டிங்கில் என்ன சிக்கல்?

இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே மூக்கை மெதுவாகத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைப்பார்கள். இதற்குப் பெயர் ஃபிளேர். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இறக்கையால் இனி தாங்க முடியாது என்ற நிலையில் சக்கரம் மெல்லத் தரையைத் தொட வேண்டும்.

கிரவுண்ட் எஃபெக்ட் இங்கேதான் விளையாடும். பின்னிழுக்கும் விசை குறைந்துவிட்டதால் வேகம் கரைய மறுக்கும். நீங்கள் சரியான வேகத்தில் வந்திருந்தால் இந்த மிதப்பு ஓரிரு வினாடிதான், லேண்டிங்கை மென்மையாக்கும். அதிக வேகத்தில் வந்திருந்தால்?

செஸ்னா 172-இல் ஃபிளாப்பை இறக்கிவிட்டு 65 நாட் வேகத்தில் இறங்குவது வழக்கம். மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். நீங்கள் 75 நாட்டில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'பத்து நாட்தானே' என்று தோன்றும். ஆனால், இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். கணக்குப் போட்டால் ஆற்றல் ஏறத்தாழ 33 சதவீதம் அதிகம். இந்தக் கூடுதல் ஆற்றலைக் கரைக்க வேண்டிய இடம், பிரேக் மாதிரி வேலை செய்யும் காற்றின் இழுவை குறைந்துபோன அதே கடைசி இரண்டு மீட்டர்!

பெரிய விமானத்தில் இது இன்னும் தீவிரம். 135 நாட் வேகத்தில் இறங்கும் விமானம் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 70 மீட்டரைக் கடக்கும். ஐந்து வினாடி கூடுதலாக மிதந்தால், சுமார் 350 மீட்டர் ரன்வே போச்சு. ரன்வே நனைந்திருந்தால், அந்த 350 மீட்டர்தான் நிற்பதற்கும் தாண்டிப்போவதற்கும் இடையிலான வித்தியாசமாக இருக்கலாம்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: மிதந்தால் அழுத்தாதே. அப்படியே பிடித்துக் காத்திரு. ரன்வே போதாது என்று தோன்றினால் த்ராட்டிலை முழுசாகத் தள்ளி மறுபடி மேலே போ.

டேக்-ஆஃபில் இன்னொரு ஆபத்து

லேண்டிங்கில் தொல்லை கொடுக்கும் அதே விளைவு, டேக்-ஆஃபில் உதவி செய்வது போல ஏமாற்றும்.

தரைக்கு அருகில் பின்னிழுக்கும் விசை குறைவு அல்லவா? அதனால் நிஜமாகவே மேலே ஏறுவதற்குத் தேவையான வேகம் வருவதற்கு முன்பே விமானம் தரையைவிட்டு எழும்பிவிடும். 'பறந்துட்டோம்' என்று விமானி மூக்கைத் தூக்கி ஏற ஆரம்பித்தால், சில மீட்டர் உயரத்தில் அந்தச் சலுகை ரத்தாகிவிடும். பின்னிழுக்கும் விசை சட்டென்று கூடும். அதே லிஃப்டைப் பெற இறக்கையை இன்னும் அதிகக் கோணத்தில் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் இழுவை இன்னும் கூடும். இன்ஜினால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் விமானம் மறுபடி தரையில் வந்து உட்காரும். அல்லது ஸ்டால் ஆகும், அதாவது இறக்கையின் மேற்பரப்பைவிட்டுக் காற்று விலகி, லிஃப்ட் சரியும்.

வெயில் கொளுத்தும் நாள், கடல்மட்டத்திலிருந்து உயரமான இடம், அளவுக்கு மீறிய சுமை: இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சூடான, மெல்லிய காற்றில் இன்ஜினும் தளர்ந்திருக்கும், இறக்கையும் தளர்ந்திருக்கும். விமானம் எழும்பும், ஆனால் ஏறாது. ரன்வேயின் முடிவில் மரங்கள் இருந்தால், மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

இதே விளைவை விமானிகள் திட்டமிட்டும் பயன்படுத்துவார்கள். புல்தரை, சேறு மாதிரியான மென்மையான ஓடுதளங்களில் சீக்கிரமாகவே சக்கரத்தைத் தரையிலிருந்து பிரித்து, ஓரிரு மீட்டர் உயரத்திலேயே சமமாகப் பறந்து வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகு ஏறுவார்கள். சலுகை எப்போது முடியும் என்று தெரிந்தவர்களுக்கு அது உதவி. தெரியாதவர்களுக்குப் பொறி.

மூக்கும் வேகமானியும் கூட மாறும்

கையில் உணரக்கூடிய மற்றொரு மாற்றம், மூக்கின் அசைவு. பெரும்பாலான விமானங்களில் இறக்கைக்குப் பின்னால் கீழ்நோக்கி வரும் காற்று வாலை அழுத்திக்கொண்டிருக்கும். தரைக்கு அருகில் அந்தக் காற்று குறைவதால் வால் மேலெழும்பப் பார்க்கும், மூக்கு தாழும். ஃபிளேரில் நினைத்ததைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். டேக்-ஆஃபில் எல்லாம் தலைகீழ்: தரையைவிட்டு விலகும்போது மூக்கு தானாகவே மேலே எழப் பார்க்கும். இழுவை கூடுகிற அதே நேரத்தில் மூக்கும் எழும்பினால், ஸ்டாலுக்கு இன்னொரு படி நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

வேகமானியும் லேசாகப் பொய் சொல்லும். அது காற்றழுத்தத்தை அளந்துதான் வேகத்தைக் காட்டுகிறது. பெரும்பாலான விமானங்களில், தரைக்கு அருகில் அளக்கும் துளையில் அழுத்தம் சற்றுக் கூடுவதால், உண்மையைவிடக் குறைந்த வேகம் காட்டும்.

சிமுலேட்டர் இதை எப்படிக் கணக்கிடுகிறது?

சிமுலேட்டருக்குள் காற்று கிடையாது. எண்கள் மட்டும்தான். அந்த எண்களை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கையாளும்.

எளிய வழி, அட்டவணை. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியர் சிமுலேட்டரை எடுத்துக்கொள்வோம். அது பயன்படுத்தும் ஜேஎஸ்பிசிம் என்ற கணிப்பு மென்பொருளில், செஸ்னா 172-க்கான கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதில் கிரவுண்ட் எஃபெக்டுக்கு என்றே இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று லிஃப்டுக்கு, மற்றொன்று இழுவைக்கு. இறக்கையின் உயரத்தை இறக்கையின் அகலத்தால் வகுத்துவரும் எண்தான் இரண்டுக்கும் சாவி. அந்த எண் சிறிதாகச் சிறிதாக லிஃப்ட் கூட்டப்படும், இழுவை குறைக்கப்படும். அவ்வளவுதான். நீங்கள் உணரும் மொத்த மிதப்பும் அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

எக்ஸ்-பிளேன் வேறு வழியில் போகிறது. விமானத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று என்ன செய்யும் என்று வினாடிக்குப் பல முறை கணக்கிட்டுக் கூட்டுகிறது.

எந்த வழியாக இருந்தாலும் ஒரு கேள்வி வரும்: எந்தச் சூத்திரம்? பாடப்புத்தகங்களில் பரவலாக உள்ள ஒரு சூத்திரம் பார்ன்ஸ் மெக்கார்மிக் என்ற ஏரோடைனமிக்ஸ் அறிஞருடையது. இறக்கையின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு உயரத்துக்கு அதில் கணக்குப் போட்டால், இழுவை சுமார் 6 சதவீதம்தான் குறையும். எஃப்ஏஏ கையேடு சொல்வது 23.5 சதவீதம். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் மெக்கார்மிக் சூத்திரம் சுமார் 28 சதவீதம் என்கிறது, கையேடு 47.6 சதவீதம் என்கிறது.

இரண்டும் மதிப்பீடுகளே. ஆனால், ஒன்றை வைத்து எழுதிய சிமுலேட்டரில் விமானம் நன்றாக மிதக்கும்; மற்றொன்றில் சீக்கிரமே தரையைத் தொடும். ஒரே செஸ்னா, இரண்டு சிமுலேட்டர்களில் இரண்டு விதமாக இறங்குவதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம்.

தாழ்வாகப் பறக்கும்போது எளிய மாதிரிகளின் மற்றொரு பலவீனமும் தெரியும். விமானத்தின் அடியில் ஒரே ஒரு புள்ளியின் உயரத்தை மட்டும் பார்க்கும் மாதிரியாக இருந்தால், மலைமுகட்டின் விளிம்பைத் தாண்டிய அந்தக் கணமே கிரவுண்ட் எஃபெக்ட் மொத்தமும் சுவிட்ச் போட்ட மாதிரி அணைந்துவிடும். நிஜத்தில் இறக்கையின் கீழே பரந்திருக்கும் தரை முழுவதும் சேர்ந்துதான் இந்த விளைவைத் தருகிறது. மாற்றம் அப்படி வெட்டினாற்போல இருக்காது. அதேபோல, ஒரு பக்கம் சாய்ந்து பறக்கும்போது ஒரு இறக்கை தரைக்கு அருகிலும் மற்றொன்று தள்ளியும் இருக்கும். மொத்த விமானத்துக்கும் ஒரே எண் என்றால் அந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

ஏர்பஸ்ஸில் 30 அடியில் மூக்கு தாழ்வது ஏன்?

சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320 ஓட்டுபவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். தரைக்கு 30 அடி இருக்கும்போது விமானம் தானாகவே மூக்கைத் தாழ்த்த ஆரம்பிக்கும். இதுவும் பக் இல்லை.

ஏ320-இல் விமானியின் கை அசைவு நேராக இறக்கைக்கும் வாலுக்கும் போவதில்லை. நடுவில் கம்ப்யூட்டர் இருக்கிறது. மூக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்தி வைப்பது அதன் வேலை. அதனால், கிரவுண்ட் எஃபெக்ட் மூக்கைத் தாழ்த்தப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். விமானியின் கைக்கு எதுவுமே தெரியாது. ஆனால், மற்ற விமானங்களில் பழகிய கை, ஃபிளேரில் இழுக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கும்.

எனவே, அந்த உணர்வைக் கம்ப்யூட்டரே செயற்கையாக உருவாக்குகிறது. 50 அடியில் மூக்கின் கோணத்தை நினைவில் வைத்துக்கொண்டு, 30 அடியிலிருந்து 8 வினாடிகளில் அதைக் கிடைமட்டத்துக்கு 2 டிகிரி கீழே கொண்டுபோகும் விதத்தில் மெல்லத் தாழ்த்துகிறது. விமானி இயல்பாகவே பின்னால் இழுத்து ஈடுகட்டுவார். அதுவே ஃபிளேர் ஆகிவிடும்.

விமானிகள் பயிற்சி பெறும் சிமுலேட்டர் எப்படி?

வீட்டுச் சிமுலேட்டரில் மிதப்பு கொஞ்சம் கூடினால் நஷ்டம் ஒன்றுமில்லை. விமான நிறுவனங்களின் பயிற்சி சிமுலேட்டரில் அப்படி விட முடியாது. ஏற்கனவே அனுபவமுள்ள விமானிகள், ஒரு புதிய ரக விமானத்துக்கான பறக்கும் பயிற்சி முழுவதையும் மிக உயர்ந்த தரச் சிமுலேட்டரிலேயே முடிக்க விதிகள் இடம் தருகின்றன. அப்படிப் பயிற்சி பெற்றவர் நிஜ விமானத்தில் முதன்முதலாகத் தரையிறங்கும்போது, பக்கத்தில் பயிற்சியாளர் இருப்பார். பின்னால் பயணிகளும் இருப்பார்கள்.

அதனால்தான் லெவல் டி எனப்படும் உச்ச தரச் சிமுலேட்டர்களுக்கு அங்கீகாரம் வழங்கும்போது, கிரவுண்ட் எஃபெக்டுக்கு என்று தனியாக ஒரு தேர்வே உண்டு. நிஜ விமானத்தைத் தரைக்கு மேலே வெவ்வேறு உயரங்களில் சமமாகப் பறக்கவிட்டு அளவெடுப்பது இதற்கான ஒரு முறை. அதில் ஒரு முறையாவது, சக்கரங்களுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி இறக்கையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஏ320 அளவுள்ள விமானம் என்றால், ரன்வேயைத் தொடாமல் மூன்றரை மீட்டருக்குள் பறந்துகொண்டே போக வேண்டும்!

அந்த அளவுகளோடு சிமுலேட்டர் ஒத்துப்போக வேண்டும். அனுமதிக்கப்படும் பிசகு மிகச் சிறியது: வேகத்தில் 3 நாட், மூக்கின் கோணத்தில் 1 டிகிரி, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்திலும் 1 டிகிரி.

கணிப்பு தவறினால் என்ன ஆகும்?

ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். 2011 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாகாணம், ராஸ்வெல் விமான நிலையத்தில் நடந்தது அதற்குப் பதில்.

கல்ஃப்ஸ்ட்ரீம் நிறுவனம் அப்போது தன் புதிய வணிக ஜெட்டான ஜி650-ஐச் சோதித்துக்கொண்டிருந்தது. ஒரு இன்ஜின் செயலிழந்தது போன்ற நிலையில் டேக்-ஆஃப் செய்து பார்ப்பது அன்றைய சோதனை. விமானம் எழும்பிய உடனேயே வலது இறக்கை ஸ்டால் ஆகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. இறக்கை முனை ரன்வேயில் உரசியது. விமானம் தீப்பிடித்து, இரண்டு விமானிகளும் இரண்டு சோதனைப் பொறியாளர்களும் உயிரிழந்தனர்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பியின் விசாரணையில் தெரியவந்தது இது: தரைக்கு அருகில் இறக்கை எந்தக் கோணத்தில் ஸ்டால் ஆகும் என்று நிறுவனம் மதிப்பிட்டிருந்த அளவு, உண்மையைவிட அதிகம். அதாவது, 'இன்னும் இடம் இருக்கிறது' என்று கணக்கு சொன்ன இடத்தில் நிஜத்தில் இடம் இல்லை. ஸ்டால் எச்சரிக்கைக் கருவியும் அந்தத் தவறான மதிப்பீட்டை நம்பியே அமைக்கப்பட்டிருந்ததால், விமானிகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கவில்லை.

தரைக்கு அருகில்தான் லிஃப்ட் கூடுமே, பிறகு ஏன் ஸ்டால் சீக்கிரம் வருகிறது? கூடுதல் லிஃப்ட் கூடுதல் உழைப்பு. அதே கோணத்தில் இறக்கை அதிகச் சுமையைத் தாங்குவதால், மேற்பரப்பில் ஒட்டிப் பாயும் காற்று தன் எல்லையைச் சீக்கிரம் எட்டிவிடுகிறது. திறந்தவெளியில் தாங்கும் கோணத்தை, தரைக்கு அருகில் தாங்காது.

இதில் மிகவும் வேதனையானது, எச்சரிக்கை ஏற்கனவே கிடைத்திருந்தது என்பதுதான். முந்தைய சோதனைப் பறப்புகளிலும் இதே விமானம் எதிர்பாராமல் ஒரு பக்கம் சாய்ந்தது. அவற்றை நிறுவனம் போதிய அளவு ஆராயவில்லை என்றும், டேக்-ஆஃபுக்காக நிர்ணயித்த வேகங்களே தவறாக, குறைவாக இருந்தன என்றும், அவற்றை எட்ட சோதனைக் குழு மேலும் மேலும் முயன்றது என்றும் என்டிஎஸ்பி குறிப்பிட்டது. கணக்கும் விமானமும் முரண்பட்டபோது, விமானம் சொன்னதை யாரும் போதிய அளவு கேட்கவில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. ஃப்ளைட்கியர், எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எதுவாக இருந்தாலும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வீசாத வானிலையையும் நீளமான ரன்வேயையும் தேர்ந்தெடுங்கள்.

• மிதப்புச் சோதனை: ஒரே ரன்வேயில் ஒரு முறை 65 நாட் வேகத்திலும், அடுத்த முறை 75 நாட் வேகத்திலும் இறங்குங்கள். ஃபிளேர் ஆரம்பித்த இடத்துக்கும் சக்கரம் தொட்ட இடத்துக்கும் உள்ள தூரத்தை ஒப்பிடுங்கள். பத்து நாட் என்ன செய்யும் என்று கண்ணாலேயே தெரியும்.

• சலுகை எங்கே முடிகிறது? டேக்-ஆஃபில் வழக்கமான 55 நாட்டுக்கு முன்பே மெல்ல இழுத்து, விமானத்தை எழுப்புங்கள். ஒரு முறை உடனே மேலே ஏற முயலுங்கள். அடுத்த முறை ஓரிரு மீட்டரிலேயே சமமாகப் பிடித்து, 70 நாட்டைத் தாண்டிய பிறகு ஏறுங்கள். முதல் முறை விமானம் திணறும். இரண்டாம் முறை உற்சாகமாக ஏறும்.

• வெயில் சோதனை: அதே டேக்-ஆஃபை, வெப்பநிலையைக் கூட்டி, உயரமான மலைப்பகுதி விமான நிலையத்தில், முழுச் சுமையோடு செய்துபாருங்கள். எழும்பியும் ஏறாத விமானம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, சிமுலேட்டரைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. தட்டையான திரையில் உயரத்தைச் சரியாக மதிப்பிடுவது கடினம். நிஜத்தில் ஓரக்கண்ணில் தரை விரிவதும், உட்கார்ந்த இடத்தில் உடல் அமுங்குவதும் உயரத்தைச் சொல்லிவிடும். வீட்டில் அவை இல்லை. அதனால், மிதப்பு என்று நாம் நினைப்பது சில சமயம் வெறுமனே சீக்கிரமாக ஃபிளேர் செய்ததாகவும் இருக்கலாம்.

ஃபார்முலா 1 காரிலும் கிரவுண்ட் எஃபெக்ட் என்கிறார்களே?

பெயர் ஒன்றுதான், திசை வேறு. ரேஸ் காரில் தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் இடையிலான குறுகிய இடைவெளியில் காற்றை வேகமாகச் செலுத்தி, அழுத்தத்தைக் குறைத்து, காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்க வைப்பார்கள். விமானத்துக்கு மேலே தூக்கும் உதவி. காருக்குக் கீழே இழுக்கும் உதவி.

இந்த விளைவிலேயே முழுநேரமும் பறப்பதற்காக வாகனம் செய்தவர்களும் உண்டு. சோவியத் பொறியாளர் ரோஸ்டிஸ்லாவ் அலெக்ஸெயேவ் வடிவமைத்த கேஎம் என்ற ராட்சத வாகனம் 1966-இல் முதன்முதலாகப் பறந்தது. 92 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு 544 டன். கடல்பரப்புக்குச் சில மீட்டர் மேலேயே சீறிப் பாயும். மேலை நாட்டு உளவுத்துறையினர் இதற்கு வைத்த பெயர் 'காஸ்பியன் கடல் அரக்கன்'. 1980-இல் விபத்துக்குள்ளாகி அதே கடலில் மூழ்கியது.

சிமுலேட்டரை எவ்வளவு நம்பலாம்?

பழக்கத்தைக் கற்றுக்கொள்ள நம்பலாம். மிதந்தால் பொறுமையாக இருப்பது, எழும்பியதும் அவசரப்பட்டு ஏறாமல் வேகத்துக்காகக் காத்திருப்பது, சரியாக வராவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி சுற்றிவருவது: இவை எந்தச் சூத்திரத்தில் எழுதிய சிமுலேட்டரிலும் பழகக்கூடியவை.

ஆனால், இத்தனை மீட்டர் மிதக்கும், இந்த டிகிரியில் ஸ்டால் ஆகும் என்ற துல்லியமான எண்ணை அதிலிருந்து எடுத்து நிஜ விமானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த எண், யாரோ ஒருவர் அட்டவணையில் எழுதிவைத்த மதிப்பீடு. லெவல் டி சிமுலேட்டரில் அதை நிஜப் பறப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருப்பார்கள். நம் மேசையில் இருப்பதில் அந்தச் சரிபார்ப்பு நடந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.